தண்ணீரா, தாதுவா? விளைச்சலும் சத்தும் கூடிய கீரை ரகத்தை உருவாக்க முழு வழிகாட்டி

பறித்த கீரையின் எடையில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான். புது ரகம் உருவாக்க இறங்குகிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இந்த இடத்தில்தான். தராசில் அதிகம் நிற்கும் செடியைத் தேர்ந்தெடுத்துக்கொண்டே போவார்கள். நாலைந்து தலைமுறை கழித்து இலை அகலமாக, தண்டு தளதளவென்று, பார்க்கவே லட்சணமாக இருக்கும். ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினால் இரும்பும் கால்சியமும் முன்பிருந்ததைவிடக் கீழே நிற்கும். இத்தனை நாளும் தேர்ந்தெடுத்தது தண்ணீரைத்தான் என்று அப்போதுதான் தெரியவரும்.

இதற்கு நீர்த்தல் விளைவு என்று பெயர். செடி வேகமாக வளரும்போது வேர் உறிஞ்சும் தாதுக்கள் அதே வேகத்தில் கூடுவதில்லை. 1981-லேயே ஜாரெல், பெவர்லி என்ற இருவர் இதை விரிவாக எழுதியிருக்கிறார்கள். 2004-ல் டொனால்ட் டேவிஸ் குழுவினர் 43 தோட்டப் பயிர்களுக்கு 1950-லும் 1999-லும் அமெரிக்க அரசு வெளியிட்ட சத்து அட்டவணைகளை ஒப்பிட்டார்கள். புரதம், கால்சியம், பாஸ்பரஸ், இரும்பு, ரைபோஃபிளேவின், வைட்டமின் சி ஆகிய ஆறும் குறைந்திருந்தன. காரணமாக அவர்கள் முதலில் சுட்டியது மண்ணை அல்ல, ரகங்கள் மாறியதை.

ஆனால் இது மீற முடியாத விதி இல்லை. கூட்டத்தில் நன்றாக வளர்ந்தும் தாது குறையாத செடிகள் சில எப்போதும் இருக்கும். அவற்றைக் கண்டுபிடித்துக் கைவிடாமல் கொண்டுபோவதுதான் மொத்த வேலையும்.

முதலில், உங்கள் கீரை எப்படிப் பூக்கிறது?

எந்த முறையில் தேர்வு செய்வது என்பதைத் தீர்மானிப்பது மகரந்தச் சேர்க்கை. லெட்யூஸ், வெந்தயம் இரண்டும் பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே விதை பிடிப்பவை. ஒரு நல்ல செடியின் விதையைத் தனியாக விதைத்தால் பிள்ளைகள் தாயைப் போலவே வரும். ஸ்பினாச்சில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. மகரந்தம் காற்றில் வெகுதூரம் போகும். அங்கே தனிச்செடித் தேர்வு பாதி வேலைதான், அப்பன் யார் என்று தெரியாது. பூப்பதற்கு முன்பே மோசமான ஆண் செடிகளைப் பிடுங்கிவிட்டு, மிச்சமிருக்கும் பெண் செடிகளின் விதையைக் குடும்பம் குடும்பமாகப் பிரித்து விதைத்துப் பார்க்க வேண்டும். முட்டைக்கோஸின் உறவான கேல் வகைகள் தன் மகரந்தத்தை ஏற்காதவை. பூச்சி வந்து போக வேண்டும். அவற்றை ஓரிரு செடிகளாகக் குறைத்தால் விதையே சரியாகக் கிடைக்காது.

இந்த வழிகாட்டியில் நான் எடுத்துக்கொள்வது அமராந்தஸ் பேரினத்தை. தண்டுக்கீரை, முளைக்கீரை, அரைக்கீரை எல்லாம் அதில் அடக்கம். ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனி, ஆனால் ஒரே செடியில் இருக்கும். பெரும்பாலும் தன் மகரந்தம்தான். ஆனாலும் காற்று வழியே ஓரளவு கலப்பும் நடக்கும். விதையிலிருந்து விதைக்கு நாலு மாதம் போதும். குளிர் தடுக்காத இடத்தில் வருடத்துக்கு இரண்டு மூன்று தலைமுறை பார்த்துவிடலாம். ஒரே செடி ஆயிரக்கணக்கில் விதை தரும். பழகிக்கொள்ள இதைவிட நல்ல பயிர் கிடையாது.

எதை அளப்பது? வேலை தொடங்குவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள்

ஆய்வறிக்கையில் வரும் எண் உலர் எடைக்கானது. சாப்பிடுகிறவர் கையில் இருப்பது பச்சைக் கீரை. இரண்டையும் குழப்பினால் தேர்வு தலைகீழாகப் போகும்.

கணக்குக்காக இரண்டு ரகங்களை வைத்துக்கொள்வோம். முதலாவது சதுர மீட்டருக்கு 2.4 கிலோ பச்சைக் கீரை தருகிறது. அதில் உலர் பொருள் 8 சதவீதம். உலர்ந்த கிலோவுக்கு இரும்பு 150 மில்லிகிராம். இரண்டாவது 1.8 கிலோதான் தருகிறது; உலர் பொருள் 12 சதவீதம்; இரும்பு 140 மில்லிகிராம். பச்சை எடையிலும் முதல் ரகம் முன்னால், ஆய்வறிக்கையிலும் முன்னால். யாராக இருந்தாலும் அதைத்தான் எடுப்பார்கள்.

இப்போது பெருக்கிப் பாருங்கள். முதல் ரகத்தில் உலர்ந்தது 192 கிராம், இரும்பு 28.8 மில்லிகிராம். இரண்டாவதில் உலர்ந்தது 216 கிராம், இரும்பு 30.2 மில்லிகிராம். நிலம் தரும் இரும்பில் இரண்டாவது ஒரு பிடி முன்னால் நிற்கிறது. 100 கிராம் பச்சைக் கீரைக்குப் பார்த்தால் முதலாவதில் 1.2, இரண்டாவதில் 1.68, அதாவது 40 சதவீதம் கூடுதல். எடை போடும்போது தோற்ற ரகம் தட்டில் ஜெயிக்கிறது.

ஆகவே ஒவ்வொரு மாதிரிக்கும் மூன்று எண்கள் வேண்டும்: பச்சை எடை, உலர் பொருள் சதவீதம், உலர் எடையில் தாது அளவு. நடுவில் இருப்பதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஒரு சின்ன தராசும் 65 டிகிரி வைக்கக்கூடிய உலர்த்தும் அடுப்பும் இருந்தால் அதை நீங்களே அளந்துவிடலாம், ஆய்வுக்கூடம் தேவையில்லை.

விளைச்சல் பக்கத்தில் இலைக்கும் தண்டுக்குமான விகிதம், வெட்டியபின் மறுபடி துளிர்க்கும் வேகம், பூக்க எடுக்கும் நாள் மூன்றையும் குறித்து வையுங்கள். பல அமராந்தஸ் வகைகள் பகல் குறுகியவுடன் பூவெடுத்துவிடும்; அதோடு இலை சிறுத்துப்போகும். தாமதமாகப் பூக்கும் செடியில் கூடுதலாக ஓரிரு வெட்டு கிடைக்கும்.

மூல விதை சேர்ப்பு

வேறுபாடு இல்லாத கூட்டத்திலிருந்து எதையும் தேர்ந்தெடுக்க முடியாது. குறைந்தது 30, 40 வகைகளாவது சேருங்கள். பழைய நாட்டு ரகம், விற்பனை ரகம், வீட்டுக் கொல்லையில் தலைமுறையாக எடுத்துவரும் விதை எல்லாம் கலந்து இருக்கட்டும். தைவானில் 1971-ல் தொடங்கிய உலகக் காய்கறி மையத்தின் மரபணு வங்கியிலும் அமெரிக்காவின் ஐயோவாவில் உள்ள ஏம்ஸ் சேமிப்பிலும் பெரிய அமராந்தஸ் தொகுப்புகள் இருக்கின்றன. ஆராய்ச்சிக்கு என்று முறையாக விண்ணப்பித்துக் கேட்கலாம். வந்த ஒவ்வொரு பொட்டலத்துக்கும் எண் போட்டு, எங்கிருந்து வந்தது, என்று வந்தது என்று உடனே எழுதிவிடுங்கள். பிறகு எழுதலாம் என்று வைத்த பொட்டலம் ஒருபோதும் எழுதப்படுவதில்லை.

முதல் பருவத்தில் எல்லாவற்றையும் ஒரே வயலில் பாத்தி கட்டி விதையுங்கள். விதை குறைவாக இருந்தால் ஒவ்வொன்றையும் ஒரே பாத்தியில் போட்டு, நன்றாகத் தெரிந்த இரண்டு ரகங்களை மட்டும் வயல் முழுக்கத் திரும்பத் திரும்ப வரும்படி இடையில் போடலாம். அந்த ஒப்பீட்டு ரகம் வயலின் ஒரு மூலையில் செழித்தும் மறுமூலையில் வாடியும் இருந்தால் அது மண்ணின் வேலை, ரகத்தின் வேலை அல்ல. விதைப்பதற்கு முன் மண்ணின் கார அமில நிலையையும் நாலைந்து இடத்தில் பாருங்கள். காரம் கூடக் கூட இரும்பும் துத்தநாகமும் மண்ணில் இருந்தும் வேருக்குக் கிடைக்காது.

கலப்பு செய்தல்

முதல் பருவ எண்களை வைத்து, விளைச்சலில் முன்னால் நின்ற நாலைந்தையும் தாதுவில் முன்னால் நின்ற நாலைந்தையும் பெற்றோராக எடுங்கள். இரண்டிலும் நடுத்தரமாக இருப்பவற்றின் மேல் ஆசைப்பட வேண்டாம்.

அமராந்தஸ் பூ குண்டூசித் தலை அளவுதான். ஒரு கொத்தில் பத்துப் பதினைந்து பூக்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும்; அதில் ஆண் மொட்டை மட்டும் பொறுக்கி எடுக்க வேண்டும். முதல் தடவை செய்கிறவருக்குக் கண் பூத்துப்போகும். இதற்கு ஒரு நல்ல குறுக்குவழி இருக்கிறது: நிறம். சிவப்பு நிறம் பெரும்பாலான கலப்புகளில் பச்சையை மீறி வெளிப்படும். அதனால் பச்சைச் செடியைத் தாயாகவும் சிவப்புச் செடியைத் தந்தையாகவும் வையுங்கள். தாய்ச்செடியின் விதையை விதைத்தால், தன் மகரந்தத்தில் பிறந்தவை பச்சையாக முளைக்கும். கலப்பில் பிறந்தவை முளைத்த ஒரு வாரத்துக்குள் தண்டடியில் சிவப்பு காட்டும். பச்சையை எல்லாம் பிடுங்கிப் போட்டுவிடலாம். ஆண் மொட்டு ஓரிரண்டு தப்பிவிட்டதே என்று கவலைப்படத் தேவையில்லை.

செய்முறை இதுதான். தாய்ச்செடியில் இன்னும் ஆண் பூ விரியாத இளம் கதிராகப் பாருங்கள். ஏற்கெனவே விரிந்த கொத்துகளை நறுக்கிவிடுங்கள். கைலென்ஸும் நுண்ணிய இடுக்கியும் வைத்து, தெரிகிற ஆண் மொட்டுகளை எடுங்கள். பெண் பூவின் சூல்முடி மெல்லிய வெள்ளை இழைகளாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதில் கை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எண்ணெய்த்தாள் பை போட்டு மூடுங்கள். மறுநாள் வெயில் ஏறியதும், மகரந்தம் உதிரும் சிவப்புக் கதிரை வெட்டிக் கொண்டுவந்து பைக்குள் நுழைத்து மெதுவாகத் தட்டுங்கள். நாலு நாளைக்கு இதையே தினமும் செய்யுங்கள். இரண்டு செடியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் இன்னும் சுலபம்: இரண்டு கதிரையும் ஒரே பைக்குள் விட்டுக் கட்டி, காலைதோறும் ஓர் உலுக்கு உலுக்கினால் போதும்.

லெட்யூஸ் என்றால் வேறு தந்திரம். பூ காலையில் சில மணி நேரம் மட்டுமே விரியும். அந்த நேரத்தில் தண்ணீரைப் பீய்ச்சி அதன் சொந்த மகரந்தத்தைக் கழுவிவிட்டு, அப்புறம் தந்தையின் பூவைத் தேய்ப்பார்கள்.

கலப்பில் பத்துச் சிவப்பு நாற்று கிடைத்தாலே போதும். அவற்றைப் பை போட்டுத் தன் மகரந்தத்தில் விதைக்க விட்டால் இரண்டாம் தலைமுறைக்கு வேண்டிய அளவு விதை வந்துவிடும்.

இரண்டாம் தலைமுறை முதல் ஆறாம் தலைமுறை வரை

எஃப்2 என்னும் இரண்டாம் தலைமுறையில்தான் பெற்றோரின் குணங்கள் கலைந்து எல்லாப் பக்கமும் சிதறும். 300 செடிகளாவது நடுங்கள். இங்கே ஒரு எச்சரிக்கை: இந்தக் கட்டத்தில் விளைச்சலை வைத்துக் கறாராகத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஒற்றைச் செடி பெரிதாக இருப்பதற்குப் பக்கத்துச் செடி செத்துப்போனதும் காரணமாக இருக்கலாம், அங்கே எரு கட்டியாக விழுந்ததும் காரணமாக இருக்கலாம். பூக்கும் நாள், இலை வடிவம், கிளை விடும் தன்மை போன்றவை ஒற்றைச் செடியிலேயே நம்பும்படி தெரியும். அவற்றை வைத்து 60 செடிகளாகக் குறையுங்கள்.

இந்த நம்பகத்தன்மைக்கு மரபுவழித்திறன் என்று பெயர். 0 முதல் 1 வரை எண்ணாகச் சொல்வார்கள். கூட்டத்தின் சராசரி கால்சியம் உலர்ந்த கிலோவுக்கு 18 கிராம், நீங்கள் தேர்ந்தெடுத்த செடிகளின் சராசரி 24 என்று வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் 6. மரபுவழித்திறன் 0.5 என்றால் அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேருவது பாதி, அதாவது 3. சராசரி 21-க்கு வரும். 0.1 என்றால் 18.6 மட்டுமே. தேர்ந்தெடுத்த செடி அவ்வளவு நன்றாக இருந்ததே, பிள்ளைகள் ஏன் இப்படி என்று நொந்துகொள்வதற்கு முன் இந்தப் பெருக்கலைச் செய்து பாருங்கள்.

எஃப்3-ல் 60 செடிகளின் விதையை 60 வரிசைகளாக, வரிசைக்கு 20 செடி என்று போடுங்கள். தாது ஆய்வைத் தொடங்க வேண்டியது இங்கேதான். வரிசைக்கு ஒரு கூட்டு மாதிரி எடுத்தால் 60 மாதிரி, தாங்கக்கூடிய செலவு. மாதிரியைக் கரைக்காமலே தாதுவை அளக்கும் எக்ஸ்ரே ஒளிர்வுக் கருவி கிடைத்தால் வேலை இன்னும் வேகமாக முடியும். மேலே வந்தவற்றை மட்டும் சாம்பலாக்கி அமிலத்தில் கரைத்துப் பார்க்கும் துல்லியமான ஆய்வுக்கு அனுப்பலாம். இதிலிருந்து 20 வரிசை, ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று செடி என்று தேர்ந்தெடுத்து அடுத்த தலைமுறைக்குக் கொண்டுபோங்கள்.

தன் மகரந்தத்தில் ஒவ்வொரு தலைமுறையும் கலப்புத்தன்மையை, அதாவது ஒரு குணத்துக்கு இரண்டு வெவ்வேறு மரபணு வடிவங்கள் இருக்கும் நிலையை, பாதியாக்கும். எஃப்2-ல் 50 சதவீதம், எஃப்6-ல் 3 சதவீதத்துக்குச் சற்று மேல். அந்த நிலையில் வரிசைக்குள் செடிகள் அச்சடித்தாற்போல் ஒன்றாகத் தெரியும். கதிருக்குப் பை போடுவதைச் சோம்பலில் ஒரு தலைமுறை விட்டாலும் இந்தக் கணக்கு கெட்டுவிடும்.

நானே ஏமாந்த இடம் ஒன்று உண்டு. விதை முற்றியதும் முதலில் காய்ந்த கதிர்களை முதலில் அடித்து எடுத்தேன்; பின்னால் முற்றியவற்றை மழைக்குப் பயந்து விட்டுவிட்டேன். இரண்டு தலைமுறை இப்படிப் போனது. மூன்றாவதில் வயல் முழுக்கப் பத்து நாள் முன்னதாகவே பூத்து நின்றது. தாமதமாகப் பூப்பதுதான் வேண்டும் என்று நோட்டில் எழுதி வைத்திருந்தேன்; கை தேர்ந்தெடுத்ததோ நேர் எதிர். இப்போதெல்லாம் வேண்டிய செடிக்கு இலைப்பருவத்திலேயே நாடா கட்டிவிடுவேன். நாடா இல்லாத கதிர் எவ்வளவு முதலில் காய்ந்தாலும் தொடுவதில்லை.

மாதிரி எடுப்பதில்தான் பாதிப் பிழை

கால்சியம் நீரோட்டத்தோடு இலைக்கு வந்து சேர்ந்தபின் அங்கிருந்து வேறெங்கும் நகராது. அதனால் முதிய இலையில் நிறையவும் இளந்துளிரில் குறைவாகவும் இருக்கும். பொட்டாசியம் அப்படியில்லை, முதிய இலையிலிருந்து துளிருக்கு ஓடிப்போகும். ஒரு வரிசையில் அடி இலையும் இன்னொரு வரிசையில் நுனி இலையும் பறித்தால் நீங்கள் ஒப்பிடுவது இலையின் வயதை, ரகத்தை அல்ல. உச்சியிலிருந்து நான்காவது, ஐந்தாவது விரிந்த இலை என்று முடிவு செய்துவிட்டால் கடைசி வரிசை வரை அதுவே. விதைத்த எத்தனையாவது நாள் என்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். கீரையில் ஒரு வசதி, மாதிரிக்காக நாலு இலை கிள்ளினாலும் செடி சாகாது. ஆய்வு முடிவு வரும்வரை அது பாட்டுக்கு விதை பிடித்துக்கொண்டிருக்கும்.

இரும்பு மட்டும் தனிக்கதை. ஒருமுறை ஒரு வரிசையில் மற்றவற்றைப்போல் இரண்டு மடங்கு இரும்பு வந்தது. சந்தோஷத்தில் அதன் விதையை முழுக்க எடுத்து வைத்தேன். பிறகுதான் அந்த வரிசை எங்கே இருந்தது என்று வரைபடத்தில் பார்த்தேன்: வாய்க்கால் ஓரம், செடியும் குட்டை. மழைத்துளி தெறித்து இலையடி முழுக்கச் செம்மண். மண்ணில் இரும்பு இலையில் இருப்பதைவிட நூற்றுக்கணக்கான மடங்கு. கண்ணுக்குத் தெரியாத தூசி போதும் முடிவைப் புரட்டிப்போட. நன்றாகக் கழுவி மறுபடி அனுப்பியபோது எண் மற்ற வரிசைகளோடு சேர்ந்துகொண்டது.

கழுவுவதற்கு அயனி நீக்கிய நீர், இரண்டு மூன்று தடவை. அரைக்க இரும்பு கலந்த மிக்சி பிளேடு வேண்டாம். பீங்கான் உரல் நல்லது. ஆய்வுக்கூடத்தில் இரும்போடு டைட்டானியத்தையும் அளந்து தரச் சொல்லுங்கள். செடி டைட்டானியத்தை எடுப்பது மிகக் குறைவு. மண்ணில் அது தாராளம். டைட்டானியம் உயர்ந்திருந்தால் அந்த மாதிரியின் இரும்பு எண்ணை அடித்துவிடலாம்.

கால்சியம் இருந்தால் மட்டும் போதாது

ஸ்பினாச்சில் கால்சியம் நிறைய. ஆனால் உடல் எடுத்துக்கொள்வது அதில் சுமார் 5 சதவீதம்தான். கேலிலிருந்து 40 சதவீதம் வரை எடுத்துக்கொள்கிறது. இடையில் நிற்பது ஆக்சாலிக் அமிலம்; அது கால்சியத்தைக் கரையாத உப்பாகக் கட்டிப்போட்டுவிடும். அமராந்தஸிலும் இது கணிசமாக உண்டு. ஒரு கிராம் கால்சியத்தைக் கட்டிப்போட 2.25 கிராம் ஆக்சாலிக் அமிலம் போதும். எடைக்கு எடை விகிதம் 2.25-ஐத் தாண்டிய வரிசையில் கால்சியம் எவ்வளவு உயர்ந்திருந்தாலும் கொண்டாட ஒன்றுமில்லை. எஃப்3-ல் தேர்ந்த 20 வரிசைகளுக்காவது ஆக்சாலிக் அமிலத்தின் அளவைப் பாருங்கள். கையில் பணம் ஒரு கூடுதல் ஆய்வுக்கு மட்டும் இருக்கிறது என்றால், துத்தநாகத்தை விட்டுவிட்டு இதைச் செய்வேன்.

நைட்ரேட்டையும் ஒரு பார்வை பார்க்கலாம். தழைச்சத்து உரம் அதிகமாகி வெயில் குறைந்தால் இலையில் அது சேரும். எல்லா வரிசைக்கும் உரம் ஒரே அளவில், ஒரே நாளில் போவது அதனாலும் முக்கியம்.

பாத்திச் சோதனை

எஃப்6-ல் எட்டுப் பத்து வரிசை மிஞ்சும். இப்போதுதான் விளைச்சலைக் கறாராக அளக்க வேண்டும். உண்மையில் எந்த நெருக்கத்தில் பயிரிடுவார்களோ அதே நெருக்கத்தில் விதையுங்கள். அகல இடைவெளியில் ஜெயித்த செடி நெருக்கத்தில் ஒளிக்குப் போட்டி போட்டு வெறும் தண்டாக நீளலாம். வயலை மூன்று நான்கு தொகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எல்லா ரகமும் ஒருமுறை வரும்படி சீட்டுக் குலுக்கி இடம் போடுங்கள். ஓர வரிசையை எடை போடாதீர்கள். வெட்டியவுடன் நிழலில் எடை போடுங்கள். அரைமணி வெயிலில் கிடந்த கீரை எடை இழந்துவிடும், கடைசியில் வெட்டிய ரகம் சும்மாவே ஜெயித்துவிடும்.

இரண்டு பருவம், முடிந்தால் இரண்டு வகை மண். ஒரு மண்ணில் முதலாவதாக வந்தது இன்னொன்றில் ஆறாவதாகப் போவது தாதுக்களில் சகஜம். இரண்டிலும் இரண்டாவது மூன்றாவதாக வருகிறதே, அந்த ரகத்தைத்தான் நான் எடுப்பேன். எண்களைச் சேர்க்கும்போது விளைச்சல், பச்சை எடையில் இரும்பு, பச்சை எடையில் கால்சியம் மூன்றையும் ஒப்பீட்டு ரகத்தின் சதவீதமாக மாற்றி, எதற்கு எவ்வளவு மதிப்பு என்று நீங்கள் வைக்கும் எடையால் பெருக்கிக் கூட்டுங்கள். அதோடு ஒரு கீழ்வரம்பும் வேண்டும்: ஏதாவது ஒன்றில் ஒப்பீட்டு ரகத்தின் 90 சதவீதத்துக்குக் கீழே போனால் வெளியே. இல்லாவிட்டால் விளைச்சல் மற்ற இரண்டையும் விழுங்கிவிடும்.

விதை

தேர்ந்த ரகத்தை மற்ற அமராந்தஸிலிருந்து சில நூறு மீட்டர் தள்ளி விதைக்கு விடுங்கள். வரப்பில் களையாக நிற்கும் உறவுக்கார முள்ளுக்கீரையையும் பூக்குமுன் பிடுங்குங்கள். கலவனை, அதாவது ரகத்துக்குப் பொருந்தாத செடியை, அகற்றுவது மூன்று தடவை: நாற்றில் நிறம் பார்த்து, இலைப்பருவத்தில் வடிவம் பார்த்து, பூவெடுக்கும்போது நாள் பார்த்து. முன்னதாகப் பூத்த செடி எவ்வளவு அழகாக இருந்தாலும் இரக்கம் வேண்டாம்.

நூறு செடிக்குக் குறையாமல் கலந்து எடுத்த விதையை ஆதார விதையாக வையுங்கள். நன்றாக உலர்த்தி, காற்றுப் புகாத புட்டியில், குளிர்ச்சியான இடத்தில். ஈரப்பதம் ஒரு சதவீதம் குறைந்தால் விதையின் ஆயுள் ஏறத்தாழ இரட்டிப்பாகும். வெப்பம் ஐந்து டிகிரி குறைந்தாலும் அப்படியே. வருடாவருடம் புதிதாக விதை எடுத்துக்கொண்டே போகாமல், ஒரே தடவையில் நிறைய எடுத்து வைத்து, ஐந்தாறு வருடம் அதிலிருந்தே எடுத்துக் கொடுங்கள். புட்டியின் மேல் ரகத்தின் பெயரோடு தலைமுறை, விதை எடுத்த நாள், உலர் பொருள் சதவீதம், எந்த மண்ணில் அளந்தது என்பதையும் எழுதி ஒட்டுங்கள். பென்சிலால் எழுதுங்கள், மை ஈரத்தில் கலைந்துவிடும்.